பலகையில் எழுதிய குவெயின்ட்

பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை சின்னராஜ் அவர்களுக்கு,

மச்சான் சென்றாயன் ஏற்காட்டிலிருந்து எழுதுவது. சேர்வராயன் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்காள் மேகலாவும் உயிரோடிருக்கிறோம். பனியில் போனுக்கு டவர் எடுக்கவில்லை. சேலத்தில் உங்களிடம் சேர்க்கச் சொல்லி இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் இந்த ஊட்டை டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியபோது, இங்கிலீஷ் வாத்தியார் நீங்கள், பலகையில் 'குவெயின்ட் காட்டேஜ்' என்று எழுதச் சொன்னீர்களே, அந்த வார்த்தையால்தான் இத்தனையும். நேற்று மத்தியானம் கனகா என்று ஒரு பிரெஞ்சு டீச்சர் புதுச்சேரியிலிருந்து வந்தார். ஏற்காட்டுக்கே முதல் தடவையாம். பலகையைப் பார்த்துச் சிரித்தார். "தப்புங்களா?" என்றேன்.

"தப்பில்லை சார். லத்தீன்ல இதோட மூலத்துக்கு 'தெரிஞ்சது'ன்னு அர்த்தம். பழைய பிரெஞ்சுக்குப் போய் 'சாமர்த்தியம்', 'நயம்'னு ஆச்சு. இங்கிலீஷுக்கு வந்து 'விசித்திரம்'னு மாறி, இப்ப பழைய பாணி அழகுக்குச் சொல்றாங்க."

"தெரிஞ்சது எப்படிங்க விசித்திரமாகும்?"

"நல்லாத் தெரிஞ்ச முகத்தையே கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க, சார்."

சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். நானே தோளால் இடித்துத் திறக்கும் கதவை, லேசாகத் தூக்கித் தள்ளினார், திறந்தது. அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சை இருட்டில் கைநீட்டிப் போட்டார். காபி கொண்டுவந்த மேகலாவை "மேகு" என்றார். செத்துப்போன உங்கள் அம்மாவைத் தவிர அவளை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? டம்ளர் கீழே விழுந்தது. "ஏனுங்க, இந்தம்மா நம்மூட்டுக்கு முன்னமே வந்திருக்குதா?" என்று என் காதில் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

இன்று காலை டீச்சர் போய்விட்டார். அதிலிருந்து மேகலா என் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். இட்லி வைத்துவிட்டு, "ஏனுங்க, நீங்க யாருங்க?" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். கண்ணாடியில் போய்ப் பார்த்தால், மாப்பிள்ளை, எனக்கே சந்தேகமாகிவிட்டது. இந்த ஊட்டில் நொம்ப நாள் இருக்க முடியாதுங்க, பொறந்த ஊட்டுக்கே போறேன் என்று பெட்டி கட்டுகிறாள். உடனே வந்து பலகையில் வேறு வார்த்தை எழுதுங்கள், தமிழானாலும் சரி.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி; மலை ஏறாமலே அவர்கள் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சென்றாயன் (என்றே நம்புகிறேன்)

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடவும். கவரை ஒட்டும்போதே நீங்கள் வந்துவிட்டீர்கள். அடுப்படியில் மேகலாவோடு காபி குடிக்கிறீர்கள், அவளும் சிரிக்கிறாள். ஆனால் அடிவாரத்திலிருந்து பஸ் இன்னும் ஏறவில்லை. எதில் வந்தீர்கள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ஒருவேளை இந்தக் கடிதம் சேலத்தில் உங்கள் கைக்கே கிடைத்தால், டிரைவரை நிறுத்திவைத்து, தயவுசெய்து ஒரு வரி எழுதிக் கொடுக்கவும்.