பன்னிரண்டு முட்டைச் சாம்பியன்

பிள்ளைகளே, யாரையும் ஒரு அடிகூட அடிக்காமல் குத்துச்சண்டைச் சாம்பியன் ஆன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நமது அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயரைப் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளை கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லோருக்கும் அவர் சாம்பியன்.

காரணம், அவர் வீட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவே தொங்கிய ஒரு பழைய படம். அரைக் கால்சட்டை, பூசணிக்காய் அளவில் கையுறை, முறைத்துக்கொண்டு நிற்கும் கறுப்பான ஆள். "எங்க தாத்தாங்க. துரைமாரு கிளப்புல ஒரு வெள்ளைக்காரன மூணே குத்துல சாய்ச்சவரு" என்பார். நான் சிறுவனாக இருந்தபோது ஒருவன்தான் சாய்ந்தான். எனக்குக் கல்யாணம் ஆவதற்குள் ஏழு பேர் சாய்ந்துவிட்டார்கள்.

தீபாவளியில் முன்னோருக்குப் படைக்கும்போது மற்ற வீடுகளில் வடை, கோழிக்கறி. சாம்பியன் வீட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் பன்னிரண்டு அவித்த முட்டை.

"வடை வைக்கலியா மாமா?" என்று கேட்பேன்.

"சண்டைக்காரருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுடா. மூச்சு வாங்கும்."

போன வருடம் அவர் மகள் சுமதியைப் பெண் பார்க்க லிந்துலையிலிருந்து வந்தார்கள். பேச்சைக் கொண்டுவந்தவன் நான். போதாக்குறைக்கு, "சாம்பியன் பரம்பரைங்க" என்று, முட்டைப் படையல் கதையையும் சேர்த்து, பெருமை வேறு அடித்திருந்தேன். மாப்பிள்ளையின் அண்ணன் ஒரு வாத்தியார். படத்தைப் பார்த்தார், போனில் படமெடுத்தார், இணையத்தில் தேடினார்.

"மாமா, இவரு அமெரிக்காக்காரருங்க. நூறு வருஷத்துக்கு முந்தின உலகச் சாம்பியன். இவரு எப்படி உங்க தாத்தா?"

சுமதி காப்பித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். பொய்க்காரக் குடும்பம் என்று எழுந்து போனால் அவள் கதி?

சாம்பியன் தலையைச் சொறிந்தார்.

"தாத்தா இல்லீங்க, தம்பி. எங்க தாத்தா தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவுல சமையக்காரரு. துரை ஊருக்குப் போறப்ப வீசிட்டுப் போன படம் அது. படத்துல இருக்கவரு வெள்ளைக்காரன அவன் ஊர்லயே அடிச்சவரு, ஜெயிச்சும் கறுப்பர்னு அந்த மனுஷனுக்கு ஓட்டல்ல ரூம் குடுக்கலன்னு துரையே சொன்னாராம். துரைய நிமிந்து பாக்க முடியாத காலங்க. எங்க தாத்தா இந்தப் படத்த மாட்டி இவர நிமிந்து பாத்துக்கிட்டாரு. சொந்தம்னு சொல்லிக்கிட்டாரு. நானும் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

மாப்பிள்ளையின் அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த முட்டை?"

"அது நெசந்தாங்க. வருஷாவருஷம் படைக்கிறேன்."

"ஊரு பேரு தெரியாத மனுஷனுக்கே இத்தன வருஷம் படைக்கிற வீடு, எம் மகன பட்டினி போடுமா? அந்தக் காப்பிய இப்படிக் குடும்மா. ஆறிப் போகுது."

சாம்பியனுக்குக் கண்ணில் தண்ணீர். "புகைங்க, அடுப்புப் புகை" என்றார். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

உள்ளே கல்யாண நாள் பேச ஆரம்பித்தார்கள். நான் வெளியே வந்தேன். வாசலில் சாம்பியனின் ரப்பர் செருப்பு சேறு அப்பிக் கிடந்தது. சுற்றிலும் யாருமில்லை. பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அவர் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.