அம்மன் தேரும் நாலு ஆட்டினும்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஒரு வயிற்றுவலி, பிடிக்காத வீட்டு விசேஷத்துக்குப் போகாமலிருக்க ஒரு வயிற்றுவலி என்று, வயிற்றின் மேல் பழி போடாத மனிதன் உலகத்தில் இல்லை. ஆனால் அதையெல்லாம் மனிதர்களிடம்தான் சொல்வார்கள். நான் அம்மனிடம் சொன்னேன். அதுவும் ஆடி மாதம், தேர் அன்றைக்கு. (கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

காரணம் சீட்டாட்டம். பதற வேண்டாம், காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை. பிரிட்ஜ் என்று பெயர். எனக்கு அதைப் பழக்கிவிட்டவர் என் பெண் சுமதியின் மாமனார், வேலூரில் இருக்கும் என் சம்பந்தி. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நானோ எட்டாவது. பட்டுப்புடவை டிசைனுக்கு ஜக்கார்டு அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுப்பது தொழில். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் இவ்வளவுதான்: "அங்க மழையா சம்பந்தி?" "இல்லீங்க சம்பந்தி, இங்க வெயில்தான்."

கொரோனா வந்து ஊரை மூடியபோது அவருடைய சீட்டு கிளப்பையும் மூடிவிட்டார்கள். போனில் ஆடலாம், ஆனால் ஜோடிக்கு ஆள் இல்லை. மகனைக் கேட்டார், மருமகளைக் கேட்டார், கடைசியில் வேறு வழியில்லாமல் என்னைக் கேட்டார். பத்தாயிரம் ஓட்டையில் ஒன்று தப்பினாலும் புடவையில் அன்னப்பட்சிக்கு மூணு கால் வந்துவிடும் என்கிற தொழில் எனது. ஐம்பத்திரண்டு சீட்டை நினைவு வைப்பது எனக்கு ஒரு பெரிய காரியமாகப் படவில்லை. இரண்டே மாதத்தில், "சம்பந்தி, நீங்க சாதாரண ஆள் இல்ல" என்றார். இருபத்தைந்து வருஷம் பேங்கில் இருந்தவர் வாயால் அப்படிக் கேட்டதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது உண்மை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. முதலில் ஏலம் நடக்கும். இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நாலில் எந்த ஜாதிச் சீட்டைத் துருப்பாக வைத்து, பதின்மூன்று சுற்றில் எத்தனை பிடி எடுப்போம் என்று சொல்ல வேண்டும். ஏலம் எடுத்த ஜோடியில், அந்த ஜாதியின் பெயரை முதலில் சொன்னவர்தான் ஆடுவார். அவருடைய ஜோடி தன் சீட்டையெல்லாம் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவருக்குப் பெயர் டம்மி. ஆட்டம் முடிகிறவரைக்கும் ஜோடிகள் ஒருவரோடு ஒருவர் பேசவே கூடாது, பேசினால் கள்ளாட்டம்.

இந்த டம்மியால் என் வீட்டில் ஒருநாள் பெரிய கலவரம். நான் போனில், "நேத்தெல்லாம் நீங்களே டம்மியா இருந்தீங்க சம்பந்தி, இன்னிக்கு நான் இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள் என் மனைவி கமலா.

"ஏங்க, பொண்ணு குடுத்த எடத்துல இப்டியா பேசுவீங்க? அவுரு எவ்ளோ பெரிய மனுஷன், அவரப் போயி டம்மின்றீங்க!"

"அவரு கோச்சுக்கல கமலா. அது ஆட்டத்துல ஒரு உத்தியோகம்."

"இன்னா உத்தியோகமோ! எம்பொண்ணு வாழ்க்கை போச்சுன்னா ஒங்களத்தான் கேப்பேன்."

சுமதியின் வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் திறந்து, தேர் திருவிழா எல்லாம் மறுபடி தொடங்கிய பிறகும் எங்கள் ஆட்டம் தொடர்ந்தது. ஆபத்து வந்தது எனக்குத்தான், நெட் வழியாக. முதல் போட்டியில் மழை வந்து நெட் போனது. இரண்டாவது போட்டியில் குரங்கு. எங்கள் ஊர்க் குரங்குகளுக்குக் கோயில் பொங்கலுக்கு அடுத்தபடியாகப் பிடித்தது ஒயர்தான். மூன்றாவது போட்டியில் கமலா. "அந்த டப்பா மினுக்கு மினுக்குனு எரிஞ்சிக்கினே இருந்துது, கரண்டு வீணாப் போவுதேன்னு சுவிட்ச அமுத்தினேன்." நான் காணாமல் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் என் இடத்தில் ஒரு ரோபோவை உட்கார வைத்துவிடும். சம்பந்தி தோற்றுவிட்டு, என்னோடு அரை நாள் பேச மாட்டார்.

மூன்றாவது தடவை பேசினார். குரல் தாழ்வாக இருந்தது, அதுதான் வலித்தது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ஆடியில ஃபைனல் இருக்கு. அதுலயும் லைன் போச்சுன்னா, நான் வேற பார்ட்னர் பாத்துக்கறேன். நமக்குள்ள ஒண்ணும் இல்ல, வழக்கம் போலப் பேசிப்போம்."

வழக்கம் போல என்றால் என்ன? மழையா, வெயிலா. அவ்வளவுதானே! எட்டாவது படித்த என்னை அந்த மனிதர் தன் எதிரில் சரிசமமாக உட்கார வைத்த இடம் அந்த ஆட்டம் ஒன்றுதான். அது போய்விட்டால் நான் மறுபடியும் பெண்ணைக் கொடுத்தவன், அவர் பெண்ணை எடுத்தவர். எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் புதிதாக ஃபைபர் லைன் போட்டேன். எதிர்வீட்டுப் பக்கத்துக் கம்பத்திலிருந்து தெருவுக்குக் குறுக்கே எங்கள் மாடிக்கு ஒயர் இழுத்தார்கள். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்க ஒரு பேட்டரி. மோடத்துக்குச் சந்தனம் வைத்து, விபூதிப் பட்டை போட்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து கட்டினேன். இத்தனையும் செய்த பிறகுதான் ஃபைனல் எந்தத் தேதி என்று பார்த்தேன். எங்கள் தெரு பொன்னியம்மனுக்குத் தேர் அன்றைக்குத்தான்!

சின்னத் தேர்தான். ஆனால் அதில் எனக்கு ஒரு வேலை உண்டு. நுனியில் கவை வைத்த மூங்கில் கோலைப் பிடித்துக்கொண்டு தேருக்கு முன்னால் போய், குறுக்கே தொங்குகிற ஒயர்களையெல்லாம் தூக்கிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோல் என் கையில்தான். கமிட்டித் தலைவர் முனிரத்தினத்திடம் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காலையிலேர்ந்து ஏழு வாட்டி போயிட்டேன்பா. கோலு தூக்க முடியாது."

"அய்ய, அம்மன் வேலைய வுட்டுட்டியே கன்னியப்பா! சரி, போயிப் படு. எம்மச்சான் புடிப்பான்." (அவர் மச்சான் என் தோள் உயரம். அதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.)

மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். கதவைச் சாத்திவிட்டு டேப்லெட்டோடு உட்கார்ந்தேன். முதல் சீட்டு விழுவதற்குள் கதவு தட்டப்பட்டது. முனிரத்தினம் வீட்டு அம்மாள், வெந்தயம் போட்ட மோர். அடுத்து பக்கத்து வீட்டிலிருந்து மாதுளை ஓட்டுக் கஷாயம். அதற்கடுத்து ஜவ்வரிசிக் கஞ்சி. ஒவ்வொருவர் எதிரிலும் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. நாலாவது டம்ளருக்குப் பிறகு, நான் சொன்ன பொய் மெல்ல நிஜமாக ஆரம்பித்தது. ஆனாலும் ஆடினேன் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டம்! ஒயர் துளிகூட அசங்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நாங்கள் இரண்டாவது இடம். இந்த ஒன்றை நன்றாக ஆடினால் முதலிடம். உன் முறை வந்து மூன்று நிமிஷம் நீ ஆடவில்லை என்றால் ஆட்டம் எதிராளிக்கு. ஃபைனலில் ரோபோ கிடையாது.

அப்போதுதான் வாசலில் மேளம் கேட்டது. ஆறு மணிக்குத்தான் தேர் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மேகம் கறுத்ததைப் பார்த்து ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளப்பிவிட்டார்கள். மேளம் கிட்ட வந்தது. என் வீட்டு வாசலுக்கு நேராக வந்து, நின்றது.

"கன்னியப்பா! யோவ் கன்னியப்பா! அம்மன் கலசத்துல மாட்டிக்கினு இருக்கறது உன் ஒயருதான்யா!"

டேப்லெட்டோடு வெளியே ஓடினேன். தெருவே நிற்கிறது. மச்சான் கோலைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி எம்புகிறார், கோல் ஒயருக்கு ஒரு முழம் கீழேயே நிற்கிறது. தேரின் மேல் அம்மன் சிவப்புப் புடவையில், நேராக என்னைப் பார்த்துக்கொண்டு.

முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏழு வாட்டி போன ஆளு, கையில இன்னாய்யா வச்சிக்கினு இருக்கற?"

"அது வந்து... மருந்து எப்டி சாப்படறதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

மோர் கொடுத்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா இது, மருந்துல ராஜா ராணில்லாம் இருக்குது?"

தெரு முழுக்கச் சிரிப்பு. போன வருஷம் கோயில் பின்னால் சீட்டாடியவர்களை விரட்டியடித்து, 'குடும்பஸ்தன் செய்யற வேலையா இது?' என்று அரை மணி நேரம் புத்தி சொன்னவன் நான். அந்த நாலு பேரும் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையிலேயே நின்றார்கள். அவர்கள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"முனிரத்தினம், ரெண்டே நிமிஷம் குடுப்பா. சம்பந்தி மானம் இதுல இருக்குது."

"தேர நிறுத்தி வச்சிட்டு டைம் கேக்கறான் பாரு! அம்மன் இன்னா ஷேர் ஆட்டோவா, ஒனக்கோசரம் நிக்கறதுக்கு? டேய், அந்தக் கட்டிங் பிளேயரக் குடு!"

கமலாவின் போன் நெட்டில் மாற்றிப் பார்த்தேன். தெருவே தேரை வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்ததால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி ஃபைபருக்கே வந்தேன். திரையில் ஏலம் தொடங்கியிருந்தது. சம்பந்தி 'ஒரு ஆட்டின்' என்று சொல்லியிருந்தார். என் கையிலோ இஸ்பேடு மட்டும் ஆறு சீட்டு, ஏஸ், ராஜா, ராணியோடு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு கை. இஸ்பேடு என்று சொன்னால் நான் ஆட வேண்டும். பதின்மூன்று சீட்டு, பத்து நிமிஷம். கட்டிங் பிளேயர் ஒயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அம்மனைப் பார்த்தேன். பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தவனைத் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்து நிற்கிறாள். இவளை நிற்க வைத்துவிட்டு எனக்கு என்ன பெரிய இஸ்பேடு? ஆட்டின் ஜாதியை முதலில் சொன்னவர் சம்பந்தி. அதையே நான் ஏற்றிக் கேட்டால் அவர்தான் ஆடுவார், நான் டம்மி. டம்மிக்கு முறையே வராது. முறை வராதவனுக்கு நெட் எதற்கு?

'நாலு ஆட்டின்' என்று அழுத்தினேன். ஆறுக்கு மேல் நாலு, அதாவது ஆட்டினைத் துருப்பாக வைத்துப் பத்துப் பிடி எடுப்போம் என்று அர்த்தம். எதிராளி பாஸ். சம்பந்தி யோசித்தார். (பேச முடியாதே! பேச முடிந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.) பாஸ். அடுத்தவரும் பாஸ். எதிராளி முதல் சீட்டைப் போட்டான், என் சீட்டு பதின்மூன்றும் திரையில் விரிந்தது.

"வெட்டுய்யா!" என்று கத்தினேன்.

முனிரத்தினம் வெட்டினார். ஒயர் பாம்பு மாதிரி சுருண்டு விழுந்தது. டேப்லெட்டைக் கமலா கையில் கொடுத்தேன், மச்சானிடமிருந்து கோலை வாங்கினேன், தேருக்கு முன்னால் நடந்தேன். வேலூரில் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஒவ்வொரு ஒயராகத் தூக்கிவிட்டுக்கொண்டே, "தாயே, பொய்க்கு என்னைத் தண்டி. அவரு பாவம், விட்டுடு" என்று வேண்டிக்கொண்டு போனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (பாதி பக்தி, பாதி மாதுளை ஓடு.)

தேர் நிலைக்கு வந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமலா ஓடி வந்தாள், கையில் போன். "சம்பந்தி கூப்புடறாருங்க! ஒரே சத்தமா இருக்குது, இன்னான்னே புரியல!"

அவர் கத்தியது பக்கத்தில் இருந்த பத்துப் பேருக்கும் கேட்டது. "வந்துடுச்சு சம்பந்தி! வந்துடுச்சு! கடவுள் நம்மளக் கைவிடல!"

எங்கள் தெருவில், பெண்ணைக் கொடுத்த இடத்திலிருந்து போன் வந்து, வந்துடுச்சு என்று யாராவது கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மோர் கொடுத்த அம்மாள்தான் முதலில் குலவையிட்டாள். பின்னாலேயே பத்துக் குலவை. மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார்.

"பேரனா, பேத்தியா?" என்றார் முனிரத்தினம்.

எனக்குச் சந்தோஷத்தில் வாய் குழறியது. "மொத... மொதலு!"

"மொதல் பேரனாம்மா!" என்று அவர் கையைத் தூக்கிக் கூவ, பூசாரி ஒரு முழு மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். கல்யாணமாகி மூன்று வருஷமான சுமதி, அந்த நேரத்தில் வேலூரில் மாமனாருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று ராத்திரிக்குள் பதினேழு வாழ்த்துப் போன் வந்ததாம்.

கூட்டம் கலைந்த பிறகுதான் சம்பந்தி நிதானமாகச் சொன்னார். இஸ்பேடு ஐந்து சீட்டு ஒரே எதிராளி கையில் சேர்ந்து கிடந்ததாம். போட்டியில் எல்லா மேஜைக்கும் ஒரே சீட்டைத்தான் பங்கிடுவார்கள்; என் கை வந்த மற்ற அத்தனை பேரும் ஆசைப்பட்டு இஸ்பேடு கேட்டு விழுந்தார்களாம். ஆட்டினில் சரியாகப் பத்து. முதலிடம் எங்களுக்கு.

"அந்தக் கையை வச்சிக்கிட்டு இஸ்பேட விட்டுக்கொடுக்க எப்படி மனசு வந்துச்சு சம்பந்தி?"

"வாசல்ல அம்மன் நின்னுக்கினு இருந்தா சம்பந்தி."

அவர், "அடுத்த வாரத்துக்குப் பேரு குடுத்துடறேன், நம்ம ரெண்டு பேருக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் அம்மன் முன்னால் விழுந்து, தேங்காய் உடைத்து, பொய்யை முனிரத்தினத்திடமும் ஒப்புக்கொண்டேன். கோயில் பின்னால் நான் விரட்டிய நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "எங்களுக்கும் அந்த ஆட்டத்தச் சொல்லிக் குடு மாமா" என்றார்கள். சொல்லிக் கொடுத்தேன்.

பிற்பாடு கூரியரில் கோப்பை வந்தது. வெள்ளி மாதிரி பளபளப்பு, இரண்டு பக்கமும் காது மாதிரிக் கைப்பிடி. கமலா அதற்கு ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே விட்டாள். ஆறு மாதம் வேலூரில், ஆறு மாதம் எங்கள் வீட்டில் என்று ஏற்பாடு. அதற்கு அடுத்த வருஷம் சுமதிக்கு நிஜமாகவே பெண் பிறந்தது. அன்றைக்கு வந்தது பேரன் இல்லை, கோப்பைதான் என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், குழந்தையைப் பார்க்க வந்த எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல், "ரெண்டாவது பொண்ணா? நல்லது, மூத்தது பையனாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது பேத்திக்கு மூன்று வயது. "உங்க அண்ணன் எங்கம்மா?" என்று யார் கேட்டாலும் விரலை நீட்டி, வேலூர் வீட்டில் கோப்பை இருக்கிற அலமாரியைக் காட்டுகிறாள். கோப்பை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற மாதங்களில் மட்டும், "அண்ணன் தாத்தா ஊட்டுக்குப் போயிக்கிது" என்கிறாள்.