மரங்களை நான் வெட்டியது ஏன் என்றால், மச்சான்

மதிப்பிற்குரிய மைத்துனர் ஃபோல்கர் அவர்களுக்கு,

காஸலிலிருந்து லோத்தார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ஹெட்விக்கும் இங்கே சௌக்கியம். என் முதுகும் நேற்று முதல் சௌக்கியம். அங்கே போடன்சே ஏரிக்கரையில் நீங்களும், உங்கள் படகும், படகைவிட வயதான உங்கள் நாயும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

மச்சான், போன மாதம் ஹெட்விக் உங்களுக்குப் போன் போட்டு, "லோத்தாருக்குப் பிரேம் பைத்தியம் புடிச்சிருச்சு அண்ணா, நாள் பூரா பேஸ்மென்ட்ல உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்கான்" என்று அழுதாளாம். நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவன் விற்ற கடையைத் திரும்ப வாங்கிவிட்டான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு, "இந்த வயதில் வியாபாரமா?" என்று எனக்குக் காட்டமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் அந்தப் பிரேம் வேறு, இந்தப் பிரேம் வேறு. என் பேஸ்மென்டில் இருக்கும் விமான சிமுலேட்டர் உங்களுக்குத் தெரியும், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதன் நாற்காலியில்தான் மதியம் முழுக்கத் தூங்கினீர்கள். அதன் திரையில் நொடிக்கு எத்தனை படம் வந்து விழுகிறதோ அதற்குப் பெயர்தான் பிரேம். நிறைய விழுந்தால் விமானம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போகும். குறைந்தால் நொண்டும், திக்கும், நாம் கைப்பிடியைத் திருப்பி முடித்து வெகுநேரம் கழித்து யோசனை பண்ணித் திரும்பும். மரம், மேகம், நிழல், தண்ணீரில் மின்னும் வெயில் என்று கண்ணுக்கு அழகானதை எல்லாம் திரையில் கேட்டால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், பிரேம் குறையும். அழகு வேண்டுமா, ஓட்டம் வேண்டுமா? இரண்டும் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் எங்கள் காரை விற்றுப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், காரை ஹெட்விக் தரமாட்டாள். பிரச்சினை இவ்வளவுதான்!

இதில் உங்கள் தங்கை எங்கே வந்தாள் என்று கேட்பீர்கள். அவள்தான் வலது இருக்கை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நாங்கள் இப்படித்தான் ஊர் சுற்றுகிறோம். நான் ஓட்டுவேன், அவள் வேடிக்கை பார்ப்பாள். "அய்யோ லோத்தார், கீழ பாரு, ஆட்டு மந்தை!" என்பாள். அது ஆட்டு மந்தை இல்லை, வெள்ளைக் கல் என்று நான் சொன்னதே இல்லை. போன மாதம் எங்கள் சிமுலேட்டர் கிளப் முழுவதும் சேர்ந்து உங்கள் பக்கத்து ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் விமான நிலையத்துக்குப் பறந்தது. அவரவர் வீட்டிலிருந்தேதான், ஆனால் ஒரே வானத்தில். ஹெட்விக் பிறந்த ஊர்ப்பக்கம் என்பதால் அவள் ஆசைப்படி எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருந்தேன். ஏரி என்ன மின்னு மின்னியது தெரியுமா! மின்னிக்கொண்டே இருக்கும்போது பிரேம் ஒன்பதுக்கு விழுந்தது. ஓடுபாதையைப் பார்த்தேன், அடுத்த படம் வருவதற்குள் ஓடுபாதையைக் காணோம், அதற்கடுத்த படத்தில் நாங்கள் தண்ணீருக்குள் இருந்தோம். கிளப் தலைவர் டீட்ஹெல்ம் எல்லார் காதிலும் விழும்படி மைக்கில் கேட்டார், "என்ன லோத்தார், மீன் புடிக்க வந்தீங்களா?" நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பதிவு செய்து கிளப்பின் இணையப் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள்.

மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? மறுநாள் காலை பேஸ்மென்டில் இறங்கினேன், கோடாரி எடுத்தேன். மரங்களை எல்லாம் வெட்டினேன். மேகத்தைத் துடைத்தேன். நிழலை ஒழித்தேன். வீடுகளை அட்டைப்பெட்டி ஆக்கினேன். பிரேம் அறுபது! மச்சான், அறுபது! கைப்பிடியில் விரல் பட்டால் போதும், விமானம் நினைத்தபடி வளைந்தது. நான் விசிலடித்துக்கொண்டு உங்கள் ஏரிமேல் வட்டமடித்துக்கொண்டிருந்தபோது ஹெட்விக் பிளம்ஸ் கேக்கும் காபியும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு?"

"உங்க ஊருதான்."

"மரமெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"எங்க மாதா கோயில் கோபுரம்?"

"அது கொஞ்சம் பிரேம் தின்னுச்சு, ஹெட்விக்."

"அந்த நீல பிளாஸ்டிக் விரிப்பு என்னது?"

"அது ஏரி."

கேக்கைக் கீழேகூட வைக்கவில்லை. அப்படியே திரும்பி, தட்டோடு மாடி ஏறிவிட்டாள். உங்களுக்குப் போன் போட்டது அந்த மாலைதான். அதற்குப் பிறகு வலது இருக்கை காலி. நான் மட்டும் அறுபது பிரேமில் பறந்தேன். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினேன், பக்கத்தில் ஒருத்தர் "அய்யோ" என்று சொல்லாவிட்டால் மலை என்ன, மேடு என்ன? ஒரு தடவை நானே "கீழ பாரு, ஆட்டு மந்தை" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கீழே கல்கூட இல்லை. கல்லையும் நான்தான் எடுத்திருந்தேன். வழவழவென்று தனியாகப் பறந்தேன். மாடியில் அவள் வானொலி கேட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கும் சத்தம் வரும். எனக்குத் தட்டு மேஜையில் மூடி இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது.

கடைசியில் நானே சமையலறைக்குப் போனேன். "அடுத்த சனிக்கிழமை கிளப் மறுபடி அங்கதான் போகுது. நீ வரணும்" என்றேன்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு வரணும்?"

"பாதி மரம் தர்றேன்."

"பேரமா பேசுற? எது இருக்கணும் எது போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். சம்மதம்னா வர்றேன்."

சம்மதித்தேன். வேறு வழி? இனிமேல் நடந்ததைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும், மச்சான், எழுதும்போதே கை பரபரக்கிறது! என்னைத் திரை முன்னால் உட்காரவைத்து, கடையில் நான் வாடிக்கையாளர்களுக்குக் கண் பரிசோதனை செய்ததைப்போலவே எனக்குச் செய்தாள். "மொதல்ல காட்டுனது நல்லாருக்கா, ரெண்டாவதா?" நிழலை உச்சத்தில் காட்டினாள், பிறகு நடுவில் காட்டினாள். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. "தெரியலைல்ல? அப்ப நடுவுல இருக்கட்டும்." புல்லுக்கு நிழல் எதற்கு என்றாள், எடுத்தாள். சாலையில் போகும் கார்களை ஆகாயத்திலிருந்து யார் பார்க்கிறார்கள் என்றாள், எடுத்தாள். தூரத்து வீடுகளை மங்கலாக்கிவிட்டு, கிட்டத்து மரங்களை அப்படியே விட்டாள். மேகத்தை ஒரு படி மட்டும் குறைத்தாள், பத்து பிரேம் எழுந்து வந்தது! எல்லாம் வைத்து நாற்பதில் நின்றது. கோபுரம் இருந்தது, ஏரி மின்னியது, விமானம் நொண்டவில்லை. நான் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். "விடு, மவுஸ் நகருது" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. நாற்பது விமானமும் கிளம்பின. உங்கள் ஊர்மேல் வட்டமடித்தபோது ஹெட்விக் எழுந்தே நின்றுவிட்டாள். "அண்ணன் வீட்டைப் பாரு லோத்தார்! கெடங்கு மாதிரி கட்டி வச்சிருக்காங்க பாவிங்க!" (மன்னிக்கவும், சிமுலேட்டரில் உங்கள் வீடு நான்கு மாடிக் கிடங்கு. திருத்தச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.) ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்ததும் பிரேம் சரிய ஆரம்பித்தது. முப்பது, இருபத்தைந்து, பதினெட்டு. எனக்குக் கழுத்தில் வேர்த்தது. "ஹெட்விக், ஏதாவது எடு!" என்று கத்தினேன். "மரத்துல கை வைக்க மாட்டேன்!" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். தடதடவென்று மவுஸை அழுத்தினாள். அப்பப்பா, ஒரே துள்ளலில் நாற்பத்தைந்து! வானம் துடைத்ததுபோல் தெளிந்தது. எதிரே ஓடுபாதை, அழகாக, காலியாக.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த கிளப் பெண்மணி காதில் கத்தினாள். "லோத்தார், பாதையில ஆளு நிக்கிறாங்க! மேல ஏறிச் சுத்தி வாங்க!"

"ஒருத்தரும் இல்லையே!" என்றேன். மறுபடி என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். இறக்கினேன். மச்சான், பூ உதிர்வதுபோல் இறங்கியது! சக்கரம் தரையைத் தொட்டதை திரையில் உயரம் காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு டீட்ஹெல்மின் குரல் மெதுவாக வந்தது.

"லோத்தார், நீங்க என் தலைமேல உக்காந்திருக்கீங்க."

"எங்க? நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க சீட்டுக்கு நேர் கீழ."

செட்டிங்ஸ் பட்டியலில் ஹெட்விக் கடைசியாக எடுத்தது "மற்ற விமானங்கள்" என்ற வரியை. நாற்பது பேரையும் துடைத்துவிட்டுத்தான் வானத்தைத் தெளிய வைத்திருக்கிறாள்! நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் மைக்கைப் பிடுங்கினாள். "ஏங்க டீட்ஹெல்ம், எறங்குனா ஓரமாப் போறதில்லையா? நடுப் பாதையில நின்னு என்ன பண்றீங்க, மீன் புடிக்கிறீங்களா?" நாற்பது பேரும் சிரித்தார்கள் மச்சான், இந்தத் தடவை சரியான ஆளைப் பார்த்து! டீட்ஹெல்மும் சிரித்தார். அன்று மாலையே நாலைந்து பேர் போன் செய்து, "உங்க வீட்டம்மா என்ன செட்டிங்ஸ் வச்சாங்க?" என்று கேட்டார்கள்.

ஆகவே, கவலையை விடுங்கள். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அழகும் ஓட்டமும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன. இடது இருக்கையில் நான், வலது இருக்கையில் அவள், நாற்பது பிரேம். இனி ஒரு வரியையும் மாற்றுவதில்லை என்று கைகுலுக்கிக்கொண்டோம். நாற்பதுக்குக் கீழே யாராலும் ஒழுங்காகத் தரையிறக்க முடியாது என்பது என் அனுபவத்தில் கண்ட உண்மை, அதை ஹெட்விக்கும் ஒப்புக்கொண்டாள். உங்கள் ஏரியில் மீனும், உங்கள் வாசலில் வெயிலும் குறையாதிருக்கட்டும். நாய்க்கு என் அன்பு.

என்றும் உங்கள் தங்கையின் கணவன்,
லோத்தார்

பின்குறிப்பு: நேற்று இரவு உறையை ஒட்டப்போகும்போது டீட்ஹெல்ம் போன் செய்தார். அடுத்த கிளப் பயணத்தைத் தலைமை தாங்கி ஓட்டப்போவது ஹெட்விக்காம், கமிட்டி ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது. இன்று காலையே அவள் இடது இருக்கையில் உட்கார்ந்து, மரம், மேகம், புல்லின் நிழல், சாலைக் கார் வரை எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டாள். பிரேம் பன்னிரண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது விமானம் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் ஓடுபாதையின் நடுக்கோட்டில், ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. எப்படி என்று கேட்டேன். "அடுத்த படம் வர்ற வரைக்கும் நான் எதுக்குக் காத்திருக்கணும்? அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியாதா, எங்க ஊருதானே?" என்றாள். மேலே பிரேமைப் பற்றி நான் எழுதியது எதையும் தயவுசெய்து நம்பாதீர்கள்.