ஒலிம்பியாட் நின்றபடி தந்த நேர்முகம்

வன்னியில் நான் பயந்தது இரண்டு பேருக்குத்தான்: ஒன்று யானை, மற்றது ஒலிம்பியாட். யானைக்கு வழிவிட்டால் தன்பாட்டில் போய்விடும். ஒலிம்பியாட் பின்னாலேயே வருவாள், "எடியே, இந்தக் கணக்கை ஒருக்காப் பாரன்" என்று. பிழை விட்டால் ஏச்சும் விழும்.

கிளிநொச்சியில் உயர்தரம் படித்தபோது விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுடையது. முரசுமோட்டையில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரின் மகள். வீட்டில் வைத்தது அழகான பெயர்தான். ஆனால் கணித ஒலிம்பியாட் போட்டிப் பைத்தியம் பிடித்த பிறகு விடுதிப் பொறுப்பாளர் வோடன் அக்காகூட அந்தப் பெயரை மறந்துவிட்டார். வெளிநாட்டில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். உலகமே விண்ணப்பிக்கும், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களைத்தான் எடுப்பார்கள். முழுப் புலமைப்பரிசிலில் அங்கே போக வேண்டும், அதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதற்குப் போட்டியில் ஒரு பதக்கமாவது வேண்டும் என்று தானே முடிவும் கட்டிவிட்டாள்.

ஒருநாள் காலை, மூன்றே வெட்டில் எட்டுத் துண்டு வரும் என்று நிரூபிக்க, சூடான குழல் புட்டில் கத்தியை வைத்தாள். மூன்றாவது வெட்டில் புட்டு மேசையெல்லாம் உதிர்ந்தது.

"எட்டு வரும் எண்டாய். எட்டாயிரம் வந்திட்டுதடி!" என்று வோடன் அக்கா அகப்பையோடு ஓடிவந்தார். எல்லாரும் கரண்டியால் அள்ளித் தின்றோம்.

போட்டி யாழ்ப்பாணத்தில். முதல் வருடம் தனியாகத்தான் பஸ் ஏறினாள். வழியில் ஏதோ ஒரு கணக்கு மனதில் பிடித்துக்கொண்டது. பஸ் யாழ்ப்பாணம் போய், ஆட்களை இறக்கி, ஏற்றி, திரும்பியும் விட்டது. ஆனையிறவு உப்பளத்தை இரண்டாம் முறை கண்டபோதுதான் நடத்துனர் கேட்டாராம்: "பிள்ளை, நீங்கள் போறியளோ, வாறியளோ?"

"ஒரு நிமிசம் அண்ணை, விடை வருது."

விடை வந்தது, போட்டி போய்விட்டது. அன்று இரவு முழுக்கப் போர்வைக்குள் கிடந்து அழுதாள். அடுத்த வருடம் காவலுக்கு நானும் போனேன். சொன்ன இடத்தில் இறக்கினேன், வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினாள்.

பிறகு பல்கலைக்கழகத்து நேர்முகம், மடிகணினியில். விடுதி வாசிப்பறையில் பின்னேரம் சீருடையும் கழுத்துப்பட்டியுமாகக் குந்தியிருந்தாள். திரையில் பேராசிரியை தோன்றினார். அவ்வளவுதான், ஒலிம்பியாட் எழும்பிவிட்டாள். வகுப்புக்கு ஆசிரியர் வந்தால் எழும்புவோம், இருக்கச் சொல்லும்வரை நிற்போம். அந்தப் பாவப்பட்ட பேராசிரியைக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு இடுப்பு.

"இருடி!" என்றேன் மெதுவாக, திரையில் விழாமல் பக்கத்தில் நின்றபடி.

"அவா இன்னும் இருக்கச் சொல்லேல்லை."

வேறு வழி? மடிகணினியை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கை நடுங்கத் தொடங்கியது. அங்கே நிலநடுக்கமா என்று பேராசிரியை விசாரித்தார். பிறகு ஒரு கேத்திரகணிதக் கணக்குக் கொடுத்தார். அதோடு இரண்டு பேரும் என்னை மறந்துபோனார்கள். இவளுடைய ஓட்டை ஆங்கிலம் தடுமாறிய இடமெல்லாம் கையாலேயே முக்கோணம் கீறினாள். அவர் சிரிக்கிறார், இவள் சிரிக்கிறாள். பிள்ளையாரே, இவளுக்குக் கிடைக்க வேணும் என்று மனதுக்குள் கும்பிட்டேன். கும்பிடும்போதே, கிடைத்தால் போய்விடுவாளே என்றும் நினைத்தேன். கையை மட்டும் நான் இறக்கவில்லை.

கிடைத்தது. விடுதியே கத்தியது, வோடன் அக்கா சர்க்கரைப் புக்கை பொங்கினார். அவள் போன பிறகு பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பிள்ளை நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை. எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

நான் இப்போது வவுனியாவில் ஒரு கந்தோரில் கோப்புகளோடு வேலை. போன மாதம் அவளிடமிருந்து அழைப்பு.

"இஞ்ச எல்லாரும் கணக்கைச் சரியாத்தான் செய்யினம். ஏசுறதுக்கு ஒருத்தரும் இல்லையடி."

"எனக்கு ஒரு கணக்கு அனுப்பன்" என்றேன்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒன்று வருகிறது. கணக்கு எனக்கு என்றைக்குமே ஓடாது. போன கிழமை மட்டும், என்ன அதிசயமோ, சரியாக வந்துவிட்டது. அழித்துவிட்டுப் பிழையாகச் செய்து அனுப்பினேன். சரியென்றால் "சரி" என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போய்விடுவாள். பிழையென்றால்தான் அழைப்பு எடுத்து ஏசுவாள்.