என் மடியில் உட்கார்ந்த அயர்லாந்து மருமான்

இங்கிலீஷ் தெரியும் என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னேன். அதுவும் டீக்கடையில் வைத்துச் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பி.ஏ. முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் பார்க்க, சட்டையைக் கொடியில் மாட்டிய மாதிரி இருப்பேன். ஒருநாள் காலையில் எதிர்லாட்ஜ் மேனேஜர் வந்து வாசலில் நின்றார்.

"சார், ஒரு வெள்ளக்காரரு சின்னசேலத்துல ரயில வுட்டு எறங்கி வந்துகிறாரு. இன்னா கேட்டாலும் போட்டோவக் காட்றாரு. நீங்கதான் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவேன்னு சொல்லிக்கினு இருப்பீங்களே, வாங்க."

போனேன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம், ஐம்பத்தெட்டு வயது, தலை நிறையச் செம்பட்டை முடி. பெயர் பிரெண்டன், ஊர் அயர்லாந்து. அரை மணி நேரம் பேசினார். அதில் எனக்குப் புரிந்தது 'தேங்க்யூ' மட்டும்தான். (பி.ஏ. இரண்டாம் வகுப்பு.) கடைசியில் அவரே பாவப்பட்டு, காகிதத்தில் எழுதிக் காட்டினார்; அதற்குப் பிறகு எனக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்.

அவருடைய அம்மாவின் அப்பா, கல்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போடுகிறேன் என்று வந்து, கையைச் சுட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர். அம்மா நோரா பிறந்தது மலையில்; ஐந்து வயதில் அயர்லாந்து போய்விட்டார். அங்கே பிறந்த தங்கைகள் இரண்டு பேரும், "மலையாவது வீடாவது, எல்லாம் நீயாகக் கட்டிவிட்ட கதை" என்று வாழ்நாள் முழுக்க அவரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். இப்போது நோராவுக்கு எண்பத்தொரு வயது. படுத்த படுக்கை. இன்னும் சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அந்த வீடு நெஜமா இருந்துச்சா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுடா" என்று மகனை அனுப்பியிருக்கிறார். கையில் ஒரே ஒரு போட்டோ. கல் சுவர், அதன் முன்னால் கைக்குழந்தையோடு ஒரு அம்மாள்.

மறுநாள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். மூன்று ஊர்களில் இறங்கி, "இவரோட தாத்தா வீடு இங்க எங்கயோ இருந்துச்சாம்" என்று விசாரித்தேன். போட்டோவைப் பார்க்கும்வரை சிரித்த முகங்கள், பார்த்ததும் கதவு சாத்தின மாதிரி ஆகிவிடும். "வூடும் இல்ல ஒன்னும் இல்ல, போங்க." ஒரு கடைக்காரர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வெள்ளக்காரன் இன்னிக்குப் பாட்டன் வூடும்பான், நாளைக்குப் பாட்டன் நெலம்பான். எங்களுக்கே இன்னும் பட்டா கைக்கு வரல. யாரு சார் வாயத் தொறப்பாங்க?"

நியாயமான பேச்சு. ஆனால் பக்கத்தில் அந்த மனுஷர் போட்டோவைக் கைக்குட்டையில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். மனசு கேட்கவில்லை. அடுத்த ஊரில் ஊர்த் தலைவர், அதாவது ஊர்க் கவுண்டர் அண்ணாமலை எதிரில் வந்தார். நாற்பது வயது, நேரான பார்வை. "இன்னா விசயம்?" என்று கேட்டார். நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யைச் சொன்னேன்.

"இவங்க குடும்பத்துக்குக் குலதெய்வம் எதுன்னு தெரியாமப் போச்சுங்க. இந்த மலையிலதான் இருக்குன்னு குறி சொன்னாங்களாம். அதான் தேடிக்கினு வந்திருக்காரு."

குலதெய்வத்தைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராக அலைகிற குடும்பங்களை அவர் எத்தனையோ பார்த்திருப்பார் போல. முகம் அப்படியே இளகிவிட்டது. "அடப் பாவமே, கடல் தாண்டியா அலையுது இந்தப் புள்ள" என்றார். ஐம்பத்தெட்டு வயதுப் புள்ள சிரித்துக்கொண்டு கும்பிட்டது.

பத்து நிமிடத்தில் ஊரே கூடிவிட்டது. பலாமரத்தடி அம்மன்தான் அவர்கள் சாமி என்று தீர்ப்பாயிற்று. பொங்கல் பானை ஏறியது. முதல் தடவை சாமியிடம் வருகிறவன் அன்றைக்குத்தான் பிறந்த குழந்தை மாதிரியாம். மொட்டை போட்டுக் காது குத்தாமல் அனுப்பக் கூடாதாம். பிரெண்டன் என்னைப் பார்த்தார். "சின்ன ஃபங்ஷன், சார்" என்றேன். "என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன், வீட்டை மட்டும் காட்டச் சொல்" என்றார். செம்பட்டை முடி முழுக்கத் தரைக்கு வந்தது. மொட்டை மண்டையில் சந்தனம் பூசினார்கள்.

"சரி, தாய்மாமன் எங்க? யாரு மடியில வெச்சுக் காது குத்துறது?" என்றார் கவுண்டர்.

"தாய்மாமன் வரலைங்க."

"நீ இன்னா மொற?"

"நான் சும்மா கூட வந்தவங்க."

"இம்மாந் தூரம் கூட்டிக்கினு வந்திருக்க, மொற இல்லாமயா வந்த? நீதான் மாமன். உக்காருய்யா."

சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். மருமான் மடியில் வந்து உட்கார்ந்தார். எனக்கு இடுப்புக்குக் கீழே உலகம் இல்லாமல் போயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். மொட்டை அடித்துவிட்டவரே கம்பியை எடுத்துக்கொண்டு காதருகில் வந்தார். அப்போது பிரெண்டன் மெதுவாகத் திரும்பி, மூச்சு முட்டிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்: "இது முடிந்ததும் அம்மாவின் வீட்டைக் காட்டுவார்கள்தானே?"

அந்தக் கண்ணில் துளிகூடச் சந்தேகம் இல்லை. என் மேல் இருந்த பாரத்தைவிட அதுதான் என்னை நசுக்கியது. வெட்கத்தை விட்டுக் கத்திவிட்டேன்.

"குத்தாதீங்க. நான் சொன்னது பொய்ங்க. இவரு சாமி தேடி வரல. இவங்கம்மா இந்த மலையில பொறந்தவங்க. சாகக் கெடக்குறாங்க. பொறந்த வூடு இருந்துச்சான்னு பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க. அவ்ளோதாங்க."

குலவை நின்றது. அடி விழும் என்றுதான் நினைத்தேன். மடியில் ஆள் இருந்ததால் ஓடவும் வழியில்லை.

"நெலம் கேட்டு வரல?" என்றார் கவுண்டர்.

"சத்தியமா இல்லைங்க."

அவர் போட்டோவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பொறந்த எடத்தப் பாக்கணும்னு ஒரு பொம்பள கேட்டா, இல்லன்னு சொல்ற ஊராய்யா இது? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்றார்.

எங்களை ஊருக்குப் பின்னால் கூட்டிப்போனார். வீடு இல்லை. கல் சுவரெல்லாம் எப்போதோ விழுந்து, யார் யார் வீட்டு அடித்தளத்துக்கோ போய்விட்டது. தரை மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் சுற்றியிருந்த நாலு ஊருக்கும் களம். சாமை காய்ந்துகொண்டிருந்தது. அது போய்விட்டால் கதிர் அடிக்க வேறு இடம் இல்லை என்றுதான் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் சாமையை ஓரமாக ஒதுக்கினார்கள். கீழே, காவி பூசி இழைத்த சிவப்புத் தரை.

பிரெண்டன் ஷூவைக் கழற்றினார். அந்தப் பெரிய உடம்போடு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். வெயில் நாட்களில் அம்மாவை இப்படித்தான் படுக்கப் போடுவார்களாம். சிவப்புத் தரை, வயிற்றுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லித் தங்கைகள் சிரித்திருக்கிறார்கள். சொல்லும்போதே அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, பொங்க வெச்சாச்சு, மொட்ட அடிச்சாச்சு, காத மட்டும் இன்னாத்துக்கு வுடணும்? மாமன உக்காரச் சொல்லு" என்றார். மறுபடியும் உட்கார்ந்தேன். ஒரு வாரம் சைக்கிள் மிதிக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பிரெண்டன் போன் செய்தார். "தரை இருக்கு அம்மா, சிவப்புதான்" என்று மூன்று தடவை சொன்னார். பிறகு அம்மா சொன்னாராம்: "போனை வை. முதலில் உன் சித்திகள் ரெண்டு பேருக்கும் போட்டுச் சொல்."

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நோரா இறந்துவிட்டார். 'அன்புள்ள மாமா' என்று தொடங்கியிருந்தார் மருமான். கடைசி நாட்களில் நோரா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், மகனுடைய காது ஓட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாராம். அந்த வாரம் சந்தைக்குப் புளி கொண்டுவந்த கவுண்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொறந்த வூட்டுக் கோடி போட்டியா?"

"நானாங்க?"

"அவன் உனக்கு மருமான்னா அந்தம்மா உனக்கு அக்காதானய்யா? பொறந்த வூட்டுச் சீல இல்லாம ஒரு பொம்பளய அனுப்பலாமா?"

இழுத்துக்கொண்டு போய் அவரே சேலை எடுத்தார். மஞ்சளில் அரக்குக் கரை. தபால் ஆபீசில் பார்சலுக்குள் என்ன, யாருக்கு என்று கேட்டார்கள். "அக்காவுக்குப் பொடவை" என்றேன். அது போய்ச் சேர்ந்ததும் பதில் வந்தது. கல்லறை மேல் அந்தச் சேலையை விரித்தார்களாம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தது அந்தத் தங்கைகள் இரண்டு பேரும்தானாம்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். கவுண்டரும் வந்திருந்தார். "மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவங்க?" என்று பெண்வீட்டார் கேட்டார்கள். என் அப்பா, "ஒரே பையன்ங்க" என்றார்.

"ஒரு அக்கா இருந்துச்சு, தவறிட்டுது" என்றார் கவுண்டர்.

"அடடா. எந்த ஊருல குடுத்திருந்தீங்க?"

"அயர்லாந்துல."

உள்ளே சமையலறையில் டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. டம்ளரைத் தவறவிட்டவள்தான் என் மனைவி. இன்றைக்கும் எனக்கும் அவளுக்கும் சண்டை முற்றினால், "எனக்குன்னு ஒரே ஒரு நாத்தனார், அவங்க இருந்திருந்தா உங்கள ஒரு வார்த்த கேட்டிருப்பாங்க" என்பாள். அக்கா கேட்டிருப்பாள்தான்.