சிம்மாசனத்துக்கு ஆள் தேவை

நாளை உச்சி வேளையில் கிரகணம். அதற்குள் சாகச் சம்மதிக்கும் ஓர் ஆளை எங்கே பிடிப்பது என்று தப்னேயாவுக்குப் புரியவில்லை. நினிவே அரண்மனையில் வானம் பார்த்து எழுதுகிறவன் அவன். மூன்று நாளாக ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது.

ஏற்பாடு எளிமையானதுதான். கிரகணம் சிம்மாசனத்தில் இருப்பவனைத்தான் கொல்லும். ஆகவே வேறொருவனை அதில் உட்கார வைத்துவிட்டு, அசல் ராஜா தோட்டத்துக் குடிசைக்குப் போய்விடுவார். கேடெல்லாம் மாற்று ராஜாவின் தலையில் இறங்கும். நூறு நாளைக்குள் அவனைக் கொன்று, அரச மரியாதையோடு புதைத்தபின் அசல் ராஜா திரும்பி வருவார். இந்த முறையில் இதுவரை எந்த அசல் ராஜாவும் செத்ததில்லை.

"சிறையில எவனையாவது புடிக்க வேண்டியதுதானே அண்ணே?" என்றான் வாயிற்காவலன் கிமில்லு.

"சிறை காலியாக் கெடக்குடா."

"எல்லாரையும் தொறந்து விட்டது யாரு?"

போன மாதச் சந்திர கிரகணத்தின்போது, தெய்வங்களின் மனம் குளிரட்டும் என்று அந்த யோசனையைச் சொன்னவனே தப்னேயாதான்.

தோட்டக்காரர்களிடம் போனான். "உங்கள்ல ஒருத்தருக்கு ராஜா ஆகுற யோகம்..." என்று தொடங்கியதுமே பன்னிரண்டு பேரும் மதிலேறிக் குதித்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். மறந்துவிட்டுப் போன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் குதித்தான்.

வேறு வழியில்லாமல் தப்னேயா ராஜாவின் முன்னால் போய் நின்றான்.

"மகாராஜா, சூரியனோட வலப்பக்கம் நம்ம நாடு, இடப்பக்கம் ஏலாம் நாடு. இந்தத் தடவை இடப்பக்கம்தான் கடிபடும். சாவு ஏலாம் ராஜாவுக்குத்தான். நமக்கு ஆளே வேண்டாம்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"என் தலை மேல சத்தியம்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அப்போ, இங்க உக்கார்றவனுக்கு ஆபத்து இல்ல?"

"துளிகூட இல்ல மகாராஜா."

"ரொம்ப நல்லது. நீயே உக்காந்துக்கோ. நான் எதுக்கும் குடிசைக்குப் போயிடறேன்."

தப்னேயா ராஜாவைப் பயமுறுத்தியாவது இங்கேயே நிறுத்திவிடலாம் என்று பார்த்தான்.

"குடிசையில இருந்தாலும், நீங்க யாருன்னு கிரகணம் அடையாளம் கண்டுடுச்சுன்னா?"

ராஜா யோசித்தார். "ஆமாம்ல! சரி, எழுது. 'குடிசையில் இருப்பவன் விவசாயி. அவனை வேறு யாரென்று சொன்னாலும், சொன்னவன் நாக்கை அறுத்துவிடு. அவனே சொன்னாலும் நம்பாதே.'"

தப்னேயாவின் கையே அதைக் களிமண் பலகையில் எழுதியது. ராஜா ஈரம் காயுமுன் தன் உருளை முத்திரையை அதன்மேல் உருட்டினார். காவலர்கள் எல்லாருக்கும் அது மூன்று முறை வாசித்துக் காட்டப்பட்டது.

மறுநாள் உச்சியில், தப்னேயா கிரீடத்தோடு சிம்மாசனத்தில் இருந்தான். அதை முற்றத்துக்கே தூக்கி வந்திருந்தார்கள். எதிரே அகலமான பாத்திரத்தில் தண்ணீர். சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். தண்ணீரில் கொஞ்சம் கருப்பு எண்ணெயை விட்டால், அதில் சூரியன் ஒரு காசு மாதிரி சாதுவாகத் தெரியும்.

அந்தக் காசின் ஓரத்தில் கடி விழுந்தது. வலப்பக்கம்.

உச்சி வேளைக் கிரகணம் வலப்பக்கத்தில்தான் தொடங்கும் என்று பழைய பலகைகள் எல்லாம் சொல்கின்றன. தப்னேயாவுக்கும் அது தெரியும். கோயிலில் செம்பு முரசு அலறியது. ஜனங்கள் மேலாடையால் தலையை மூடிக்கொண்டு ஓலமிட்டார்கள்.

"கிமில்லு, நான் செத்தேன்டா!"

கிமில்லு சட்டென்று மண்டியிட்டான். "மகாராஜா!"

"இந்த நேரத்துல கிண்டல் பண்ணாதடா."

"கிண்டல் இல்ல மகாராஜா. கிரீடம் உங்க தலையில இருக்கு. கிரகணமும் வந்துடுச்சு. ராஜாவுக்கு ஆபத்துன்னா மாத்து ஆளை உக்கார வைக்கணும், அதானே முறை?"

"ஆளுக்கு எங்கடா போறது? ஊரெல்லாம் தேடியாச்சே!"

கிமில்லு எழுந்து, ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் பார்த்தான்.

"பின்னாடி குடிசையில ஒரு விவசாயி சும்மாதான் உக்காந்திருக்கான். இழுத்துட்டு வரேன்."