ஆர்லோவின் வெள்ளி டாலர் இறங்கிய கதை

"‘நல்லது’ன்னுதானே போட்டிருக்கு? அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்கே?" என்றாள் மனைவி லோரீன்.

ஆர்லோ ஹ்ருஸ்கா, பழைய காசுகளுக்குத் தரம் போடும் கம்பெனியிலிருந்து தபாலில் வந்த பிளாஸ்டிக் பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். உள்ளே ஒரு பழைய வெள்ளி டாலர். அதன் தலைமேல் தரச்சீட்டு: ‘நல்லது - 4’.

"எழுபதுக்கு நாலு, லோரீன்! காசு சேக்கறவங்க பாஷையில ‘நல்லது’ன்னா மோசம். ‘மிக நல்லது’ன்னா கொஞ்சம் மோசம்."

"நிஜமாவே நல்லா இருந்தா என்ன சொல்லுவாங்க?"

"அந்த மாதிரி காசையெல்லாம் உங்க அண்ணன் என்கிட்ட தரமாட்டான்."

வயிற்றெரிச்சலே அதுதான். போன கோடையில் லோரீனின் அண்ணன் டுவைட் இந்த டாலரைக் கொடுத்துவிட்டு ஆர்லோவின் படகு மோட்டாரை வாங்கிக்கொண்டான். அட்டை உறையில் ‘மிக நல்லது - 8’ என்று தன் கையாலேயே எழுதியும் கொடுத்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சீடர் ஆற்றில் ஆர்லோ துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது, டுவைட் அந்த மோட்டாரில் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு, தொப்பியை வேறு தூக்கிக் காட்டியபடி கடந்து போனான்.

ஆர்லோ தொலைபேசியில் கத்தினான். "மச்சான், நாலுன்னு வந்திருக்கு!"

"நான் எட்டாத்தான் கொடுத்தேன், மாப்ளே. அப்புறம் நீ அத என்ன பண்ணியோ!"

எட்டு என்று நிரூபித்தே தீருவது என்று ஆர்லோ டாலரை அதே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினான். இரண்டு மாதத்தில் வந்தது: ‘நல்லதுக்குச் சற்றுக் கீழே - 3’.

"பழைய சீட்டப் பார்த்து எழுதியிருக்கானுங்க" என்று சுத்தியலால் பெட்டியை உடைத்தான். வெறுங்காசாக அனுப்பினால்தான் நியாயம் கிடைக்கும். மறுநாள் அனுப்பலாம் என்று கால்சட்டைப் பையில் போட்டான். அந்தக் குளிரில் ஊரெல்லாம் குழாய் வெடித்தது. ஆர்லோ குழாய் ரிப்பேர்காரன். டாலர் பையிலேயே கிடந்தது. டுவைட்டை நினைக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அதைத் தேய்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. டுவைட்டை நினைக்காத நாளே கிடையாது. இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

ஒருவழியாக அனுப்பினான். ‘சுமார் - 2’ என்று வந்தது.

மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினான். பதில் இல்லை. மறுபடி சுத்தியல், மறுபடி கால்சட்டைப் பை, இந்தமுறை இன்னும் ஆத்திரத்தோடு தேய்த்தான். ஐந்து வருஷம் கழித்து அனுப்பியபோது வந்த சீட்டில் இருந்தது: ‘படுமோசம் - 1’.

லோரீன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "போதும் ஆர்லோ. இன்னொரு தடவை அனுப்பினா வெறும் சீட்டு மட்டும்தான் திரும்பி வரும்."

அந்த வசந்தத்தில் தீயணைப்பு வீரர் கூடத்தில் காசுக் கண்காட்சி நடந்தது. தோற்றதை டுவைட்டிடம் நேரிலேயே ஒப்புக்கொண்டு விடலாம் என்று ஆர்லோ பெட்டியோடு போனான், லோரீனும் கூட வந்தாள். அங்கே காசுக் கடை போட்டிருந்த டுவைட் பெட்டியைப் பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் கடை மேஜையின் நடுவில் அதை வைத்து, ‘என் மாப்பிள்ளையின் பொக்கிஷம், இருபது டாலர்’ என்று ஓர் அட்டையும் சாத்தினான். போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். ஆர்லோவின் கழுத்து சிவந்துபோயிற்று.

அப்போது நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்த மிஸஸ் டீட்ஸ் என்ற ஒல்லியான பெண்மணி அந்த மேஜையண்டை நின்றாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். நெடுநேரம் நகரவில்லை.

"அது சும்மா தமாஷுக்கு வெச்சதும்மா" என்றான் டுவைட். "இங்க பாருங்க, அறுபத்தஞ்சு நம்பர். கண்ணாடி மாதிரி பளபளங்குது."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது யாரோடது?"

"என்னோடதுங்க" என்றான் ஆர்லோ, குற்றவாளி மாதிரி.

"அச்சடிச்ச வருஷம் லேசாத் தெரியுது. கீறல் இல்ல. யாரும் பாலிஷ் போடல." அவள் கைப்பையைத் திறந்தாள். "எண்ணூறு தரேன்."

டுவைட் வாயில் வைத்த சாண்ட்விச்சைக் கடிக்க மறந்தான். "அம்மா, அவன் கேக்கறதே இருபதுதான்!"

"நீங்க சும்மா இருங்க. ஆயிரம்!"

ஆர்லோ சரி என்று சொல்ல வாயைத் திறந்தான். லோரீன் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஆயிரத்து இருநூறு" என்றாள் லோரீன்.

மிஸஸ் டீட்ஸ் அங்கேயே செக் எழுதினாள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் ஆர்லோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருஷமாகக் குனிந்திருந்த அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

டுவைட்டுக்குத் தாளவில்லை. "சீட்டைச் சரியாப் பாருங்கம்மா, நம்பர் ஒண்ணு! அதுக்குக் கீழ நம்பரே கிடையாது!"

"அதுக்குத்தானேப்பா இந்த விலை!" என்றாள் மிஸஸ் டீட்ஸ், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. "அதிகமாத் தேஞ்ச காசுக்கு முதலிடம் தர்ற பட்டியல்ல பத்தொம்பது வருஷமா நான் ரெண்டாவது இடம், எல்லாரும் ‘சுமார்’லயே நின்னுடறாங்க, இவர் ஒருத்தர்தான் விடாம அடிமட்டம் வரைக்கும் கொண்டுவந்திருக்கார்!"